கோழி வயிற்றில் தண்ணீர்: ஊசியைத் தேடும் முன்

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகள் குஞ்சிலிருந்து வளர்த்த பழுப்புக் கோழி, மூன்று வயது. இரண்டு வாரமாக வயிறு ஊதிக்கொண்டே போகிறது. தொட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன் போல இருக்கிறது. முட்டையிட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. வாத்து மாதிரி காலை அகட்டி நடக்கிறது, ஆனால் சாப்பிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஊசி போட்டுத் தண்ணீரை இழுத்துவிடச் சொல்கிறார். மாமியார் அறுத்துக் குழம்பு வைக்கச் சொல்கிறார். வீட்டிலேயே தண்ணீரை எடுக்கலாமா, மற்ற இரண்டு கோழிக்கும் இது ஒட்டுமா, மாமியார் சொல்வதுதான் சரியா என்று கேட்கிறார்.

தங்கச்சி, ஊசியை மட்டும் தொடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். நான் டாக்டர் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மிருக வைத்தியரிடம் 18 வருடம் உதவியாளாக இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஐந்தாறு கோழி மேயும். வயிறு வீங்கிய கோழிகளைக் கிளினிக்கிலும் பார்த்திருக்கிறேன், என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

வயிற்றில் நீர் கோப்பது தனி நோய் கிடையாது. நமக்குக் காய்ச்சல் மாதிரி. டெங்கிக்கும் காய்ச்சல் வரும், தொண்டைப் புண்ணுக்கும் வரும். கோழிக்குச் சூலகத்தில் கட்டி இருந்தாலும் நீர் கோக்கும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் சிந்திக் கெட்டுப்போனாலும் கோக்கும், கல்லீரல் பழுதானாலும் இதயம் ஓய்ந்தாலும் கோக்கும். எது என்று தெரியாமல் தண்ணீரை மட்டும் இழுத்தால் கொஞ்ச நாளில் திரும்ப நிரம்பிவிடும்.

சரி, முதலில் அது தண்ணீர்தானா என்று பார்த்துவிடுவோம். பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். இருட்டியதும் அடைந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே, வாலுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துப் பாருங்கள். நீர் என்றால் தோல் இழுத்துக்கட்டிய மாதிரி வழவழப்பாக இருக்கும். ஒரு பக்கம் லேசாகத் தட்டினால் மறுபக்கக் கையில் அலை வந்து மோதும். கொழுப்பு என்றால் பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருக்கும், அலை வராது. கழுத்தடியில் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்தால் அது விழுங்கிய தீனி தங்கும் தீனிப்பை, அந்தக் கதையே வேறு.

அடுத்து நெஞ்செலும்பைத் தடவுங்கள். நடுவில் ஓடும் அந்த எலும்பு கத்தி முனை மாதிரி கையில் குத்துகிறதா? இரண்டு பக்கமும் சதை வற்றியிருக்கிறதா? வயிறு பெருத்து நெஞ்சு வற்றிய கோழிக்கு நோய் பல வாரமாக இருக்கிறது என்று அர்த்தம். இறகு எல்லாவற்றையும் மூடிவிடுவதால் நமக்குக் கடைசியில்தான் தெரிகிறது. பலரும் "கோழி கொழுத்துவிட்டது" என்று சந்தோஷப்படும் நேரம் இதுதான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நேற்று வரை முட்டையிட்ட கோழி திடீரென்று வாலைத் தொங்கப்போட்டு, முக்கி முக்கி நின்று, அடிவயிற்றில் கெட்டியாக ஒரு முட்டை தட்டுப்பட்டால் அது முட்டை அடைப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்கலாம். முட்டை வரவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். உங்கள் கோழி ஒன்றரை மாதமாக முட்டையிடவில்லை, வயிறும் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. அதனால் இது அடைப்பு மாதிரி தெரியவில்லை.

இப்போது கோழியைத் தூக்கும் விஷயம். தோட்டத்தில் வளர்ந்த நமக்கெல்லாம் கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித்தான் பழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். கிளினிக்கில் சேர்வதற்கு முன் என்னிடம் இருந்த ஒரு கோழிக்கு இதே மாதிரி வயிறு. அடிப்பக்கம் அழுக்காக இருக்கிறதே, கழுவலாம் என்று காலைப் பிடித்துக் கவிழ்த்தேன். இரண்டு தடவை வாயைத் திறந்தது, கொண்டை கருநீலமானது, என் கையிலேயே போய்விட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்க நடுவில் உதரவிதானம் என்ற தசைத்திரை இருக்கிறது. கோழிக்கு அப்படி ஒன்று கிடையாது. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் வயிறு வரைக்கும் பரவியிருக்கும். நெஞ்செலும்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் அது மூச்சு விடுகிறது. கவிழ்த்தால் வயிற்றில் இருக்கும் அத்தனை தண்ணீரும் அந்தப் பைகளை அழுத்தும். மல்லாக்கப் போட்டாலும் அதே ஆபத்துதான். நெஞ்சை இறுக்கிப் பிடித்தாலும் மூச்சு நிற்கும். ஆகவே இரண்டு கையையும் அடியில் கொடுத்து, நிமிர்ந்த நிலையிலேயே தூக்குங்கள். மகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். மார்போடு சேர்த்து அணைத்துக் கொஞ்சுவது இப்போதைக்கு வேண்டாம்.

மூன்று வயதுப் பழுப்புக் கோழி என்றதுமே எனக்குச் சந்தேகம் முட்டையிடும் உறுப்புகள் மேல்தான் போகிறது. நம் காடுகளில் இன்றும் திரியும் சிவப்புக் காட்டுக்கோழி வருடத்துக்கு 10 முதல் 15 முட்டைதான் இடும். அதன் வம்சத்தில் வந்த இந்தப் பழுப்புக் கோழியை மனிதன் 300 முட்டை இடும்படி வளர்த்து எடுத்திருக்கிறான். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம். அப்படியென்றால் அந்த உடம்புக்கு ஓய்வே இல்லை. மனிதப் பெண்களுக்கு வரும் சூலகப் புற்றுநோயை ஆராய்பவர்கள் முட்டைக் கோழியைத்தான் மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் யாரும் எதுவும் செய்யாமலே அதற்கு அந்த நோய் தானாக வருகிறது. இரண்டு வயதுக்கு மேல் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பகல் சுருங்கும்போது கோழிகள் பல வாரம் முட்டையை நிறுத்திவிடும். பினாங்கில் அந்த விடுமுறையும் கிடையாது. இங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். போதாததற்கு நாம் பின்பக்க விளக்கை ராத்திரி பத்து மணி வரை எரியவிட்டுப் பகலை இன்னும் நீட்டிவிடுகிறோம். அந்த விளக்கை இன்றிலிருந்து அணைத்துவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் அது நல்லது.

புற்று இல்லாவிட்டால் அடுத்தது மஞ்சள் கரு. சூலகத்திலிருந்து விழும் கரு முட்டைக்குழாயின் வாய்க்குள் போய் விழ வேண்டும். சில சமயம் குறி தப்பி வயிற்றுக்குள் விழுந்துவிடும். ஒன்றிரண்டு என்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். திரும்பத் திரும்ப விழுந்து கிருமியும் சேர்ந்தால் உள்ளே எல்லாம் கெட்டு நீர் கோக்கும். இப்படிப்பட்ட கோழி சோர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். உங்கள் கோழி இன்னும் ஓடி வந்து சாப்பிடுகிறது என்பது கொஞ்சம் தைரியம் தரும் விஷயம். அப்புறம் ஒரு விசித்திரம்: கோழிக்கு இடது பக்கச் சூலகமும் குழாயும் மட்டும்தான் வளரும். வலது பக்கம் குஞ்சு பொரியும் முன்பே சுருங்கிப்போகும். அந்த மிச்சத்துண்டு சில கோழிகளில் தண்ணீர்ப் பை மாதிரி ஊதிவிடும். வெளியிலிருந்து தொட்டால் இந்தப் பைக்கும் வயிற்றில் கோத்த நீருக்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்கேனில்தான் தெரியும்.

இதயம் காரணமாக வருவது பெரும்பாலும் வெள்ளை இறைச்சிக் கோழிகளுக்கு. ஆறேழு வாரத்தில் உடம்பு பெருத்துவிடும், நுரையீரலும் இதயமும் ஈடுகொடுக்காது. உங்களுடையது அந்த ரகம் இல்லை.

கிளினிக் விஷயம். நாய், பூனை பார்க்கும் பல இடங்களில் கோழி என்றாலே கை விரித்துவிடுவார்கள். அதனால் கோழியைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். முதலில் போன் செய்து, வளர்ப்புக் கோழி, வயிற்றில் நீர், பார்ப்பீர்களா என்று கேளுங்கள். கிளியும் முயலும் பார்க்கிற டாக்டர் என்றால் பெரும்பாலும் கோழியும் பார்ப்பார். செலவையும் அப்போதே கேட்டுவிடுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்குச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. கொண்டுபோகும்போது துண்டு விரித்த அட்டைப்பெட்டி, பக்கத்தில் பெரிய ஓட்டைகள், காரில் ஏர்கோன். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறும் நேரம் வேண்டாம்.

அங்கே என்ன நடக்கும் என்பதற்கு என் ராணியின் கதையைச் சொல்கிறேன். அதுவும் பழுப்புதான், மூன்றரை வயது. தராசில் 2 கிலோ 350 கிராம் காட்டியது. அதன் வழக்கமான எடை 1 கிலோ 900. டாக்டர் முதலில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். தண்ணீருக்குள் உறுப்புகள் நன்றாகவே தெரியும். குடல் எங்கே கிடக்கிறது, கட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இடத்தைக் குறித்தார். நான் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். நாலு இறகைப் பிடுங்கி, ஸ்பிரிட் தடவி, ஊசியைச் செலுத்தினார். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு பழைய மைலோ டின்னில் இறங்கியது. பார்லித் தண்ணீர் நிறம், வாடை இல்லை. ராணி முதலில் விறைத்தது. பாதியில் கண்ணைச் சொக்கி, கழுத்தை என் முழங்கை மேல் போட்டுக்கொண்டது. 300 மில்லி ஆனதும் டாக்டர் நிறுத்திவிட்டார். உள்ளே இன்னும் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கோழி அதிர்ச்சியில் போய்விடும். மேசையிலிருந்து இறக்கியதும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு வாலைத் தூக்கியது பாருங்கள், பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வால் நிமிர்ந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஊசி ஏன் வேண்டாம் என்பது இதிலேயே இருக்கிறது. குடல் எங்கே என்று அவருக்குத் தெரியாது, எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. குடலில் குத்தினால் இரண்டு நாளில் சீழ் பிடித்துச் சாகும்.

வெளியே வந்த நீரின் நிறம் பாதிக் கதையைச் சொல்லும். தெளிந்த வைக்கோல் நிறம் என்றால் கட்டி, கல்லீரல், இதயம் இவற்றில் ஒன்று. கலங்கி, மஞ்சள் துணுக்குகள் மிதந்து, நாறினால் முட்டைக்கரு கெட்டிருக்கிறது. பின்னதற்கு ஆன்டிபயோடிக்கும் வலி மருந்தும் வேலை செய்யும். முட்டையிடுவதையே சில மாதம் நிறுத்திவைக்கும் டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் வைப்பதும் உண்டு. விலை அதிகம், ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்த கருச் சிந்தலுக்கு நல்ல பலன் தரும். கட்டி என்றால் எந்த மருந்தும் அதைக் கரைக்காது, நாம் செய்வது சௌகரியம் மட்டும்தான். வீட்டில் யாராவது ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் நீர் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்காதீர்கள். டாக்டர் சில கோழிகளுக்கு அந்த வகை மருந்தை எடை பார்த்துக் கணக்காகக் கொடுப்பார். நம் கைக்கணக்கு நீரைவிட்டுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் முதலாவது வெயிலிலிருந்து காப்பது. கோழியின் சாதாரண உடம்புச் சூடே 41 டிகிரியை ஒட்டி இருக்கும், அதற்கு வியர்வையும் கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அதனால் இரைக்கக்கூட முடியாது. நம் ஊர் மதியம் 33 டிகிரி. தகரக்கூரைக் கொட்டகையிலிருந்து எடுத்து, வீட்டுக்குள் காற்று வரும் சிமெண்டுத் தரையில் மரத்தூள் பரப்பி வையுங்கள். மேசை விசிறியை நேராக அடிக்காமல் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால் போதும். ஏறி உட்காரும் கம்பை எடுத்துவிடுங்கள், குதித்து இறங்கினால் வயிறு அடிபடும். மற்ற கோழிகள் கொத்தினால் கம்பி வலையில் தடுப்பு வையுங்கள். ஆனால் கண்ணில் படும்படி இருக்கட்டும், தனியாகப் போட்டால் தீனி எடுக்காது.

வயிறு பெருத்த கோழியால் தன் பின்பக்கத்தைக் கோத முடியாது. எச்சம் ஒட்டும், ஈ வரும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினமும் ஈரத்துணியால் துடைத்து, அங்கே இருக்கும் இறகைக் கத்தரித்துவிடுங்கள். துடைத்த பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், மகளும்தான்.

அப்புறம் எடை. இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். சமையல் தராசில் பெரிய பிஸ்கட் டின்னை வைத்து, தினமும் காலையில் தீனிக்கு முன்னால் கோழியை உட்கார வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மில்லி தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம். நாளுக்கு 10 கிராம் ஏறுகிறதா 50 கிராம் ஏறுகிறதா என்பது டாக்டருக்கு நாம் வாயால் சொல்லும் பத்து வர்ணனையைவிடப் பிரயோசனம்.

தீனியில் உப்பு ஆகாது. உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். ஆரோக்கியமான கோழிக்கே கூடினால் கெடுதல். நாசி லெமாக் மிச்சம், நெத்திலி, முறுக்குத் தூள், ரசச்சோறு எதுவும் வேண்டாம். சோர்வாக இருக்கிறதே என்று 100 பிளஸ் பானத்தை ஊற்றிக்கொடுப்பவர்கள் உண்டு. அதிலும் உப்பும் சர்க்கரையும் இருக்கிறது, சாதாரணத் தண்ணீரே போதும். தண்ணீர் கோத்திருக்கிறது என்பதற்காகக் குடிக்கும் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், அது கொடுமை, பலனும் இல்லை. வாங்கும் தீவனத்தையே கொஞ்சம் நனைத்து, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு அழுத்துவதால் ஒரே நேரத்தில் நிறைய உள்ளே போகாது. அவித்த முட்டையின் வெள்ளை கொஞ்சம் சேர்த்தால் வற்றிய நெஞ்சுக்கு நல்லது.

தீவன மூட்டையையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் சோளமும் கடலையும் சுலபமாகப் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நஞ்சு நேராகக் கல்லீரலைத் தாக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து, காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு என்று தெரிந்த பிறகுதான் அஃப்லாடாக்சின் என்ற பெயரே வந்தது. இரண்டு மூன்று கோழிக்குப் பெரிய மூட்டை வாங்காதீர்கள். மக்கல் வாடை வந்தால் காசு போனாலும் கொட்டிவிடுங்கள்.

கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கிள்ளிக் கொடுத்தால் பெரிய தீங்கில்லை, ஆனால் இந்தத் தண்ணீரை அது வற்றவைத்து நான் பார்த்ததில்லை. என் பக்கத்து வீட்டு அத்தை ராணியை முனீஸ்வரருக்கு விட்டுவிடச் சொன்னார். நோய்க்கோழியைச் சாமிக்கு விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான்!

மற்ற இரண்டுக்கும் ஒட்டுமா? கட்டியும் கருச் சிந்தலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாது. ஒரே ரகம், ஒரே வயது என்றால் அவற்றுக்கும் தனியாக வரலாம், அதனால் அவற்றையும் மாதம் ஒருமுறை தராசில் ஏற்றுங்கள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோழி சோர்ந்து, தும்மி, பச்சையாகக் கழிந்து, முகம் வீங்கிச் செத்தால் அது வேறு. 2004இலும் 2017இலும் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்ததை மறக்கக் கூடாது. அப்படி ஒன்று நடந்தால் செத்ததைக் கையால் தொடாமல் கால்நடை சேவைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மாமியார் சொன்னதற்கு வருவோம். அவர் இரக்கம் இல்லாமல் பேசவில்லை. கோழி கஷ்டப்படுவதைப் பார்த்துச் சொல்கிறார். ஆனால் குழம்பு வேண்டாம். உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாத கோழியைச் சாப்பிடக் கூடாது, மருந்து போட்டிருந்தால் அறவே கூடாது. அதன் முட்டையும் அப்படித்தான், எத்தனை நாள் என்று டாக்டரையே கேளுங்கள்.

கோழியை எப்போது போகவிடுவது என்பதற்கு நான் பார்ப்பது, ஒரு தடவை தண்ணீர் எடுத்து அடுத்த தடவை எடுக்கும் வரை உள்ள இடைவெளி. ராணிக்கு முதல் தடவை தண்ணீர் எடுத்த பிறகு ஐந்து வாரம் ஓடியது. இரண்டாவது தடவைக்குப் பிறகு மூன்று வாரம். மூன்றாவதுக்குப் பிறகு ஒன்பதே நாள். அந்த ஒன்பதாவது நாள் சும்மா நிற்கும்போதே வாயைத் திறந்து மூச்சு விட்டது, கொண்டை ஓரம் நீலமாக இருந்தது, பிடித்தமான பப்பாளியை வைத்தேன், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நாலாவது தடவை ஊசிக் குழாயைக் கொண்டுவந்த டாக்டரிடம் வேண்டாம் என்றேன். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போல, பேசாமல் வலியில்லாமல் உயிரை முடிக்கும் மற்ற ஊசியை எடுத்து வந்தார். உங்கள் கோழி அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை, தங்கச்சி. தீனிக்கு ஓடி வருகிற கோழிக்கு ஒரு தடவையாவது தண்ணீரை முறையாக எடுத்துப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். நாளைக் காலை எடை போட்டு எழுதிவிட்டு, எட்டரை மணிக்குக் கிளினிக் திறந்ததும் போன் செய்யுங்கள்.